சயான் கோட்டையிலிருந்து நம் வீடு

மவனே, முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார். கடிதம் நீளம். காகிதத்தில் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி உன் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் எடுக்கிற போட்டோவில் பாதிப் பக்கம் அவருடைய கட்டைவிரல்தான் இருக்கும், பொறுத்துக்கொள். போனில் சொல்லலாம்தான். ஆனால் பாதியில் "உம்மா, மீட்டிங் இருக்கு, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுவாய். பெங்களூர் போனதிலிருந்து நீ அந்த மீட்டிங்கைத்தான் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறாய். தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? நல்லதுதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனால் ஒரு வரியையும் தாண்டி ஓட முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் வீடு எங்கே இருக்கிறது என்று சபீனாவுக்குத் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன். தலையில் கை வைக்காதே, நிக்காஹ் நின்றுபோகவில்லை. நடக்கும் என்றும் அந்தப் பிள்ளை இன்னும் சொல்லவில்லை. நீ சனிக்கிழமை வருகிறாய், ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறாள். நீ சொல்கிற பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. நீ வெறுங்கையோடு போய் நிற்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் பொய் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். போன வாரம் உன் வருங்கால மாமியார் புடவைக் கலர் பார்க்க என்னைச் செம்பூருக்குக் கூப்பிட்டிருந்தார். நல்ல மனுஷி. டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "மைனி, வீட்டுல பெயிண்ட் வேலை முடிஞ்சிருச்சா? ரெண்டு மாசமா நடக்கே, எப்ப வரட்டும்?" என்றார். எந்த வீடு, என்ன பெயிண்ட் என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "எட்டாவது மாடில காத்து நல்லா வரும்லா, சீக்கிரம் காஞ்சிரும்" என்றார். நான் டீயைக் குடித்தேன். சூட்டில் நாக்கு பொத்துப்போனது. அப்படியும் விடாமல் குடித்தேன், வாயில் டீ இருக்கிறவரை பதில் சொல்ல வேண்டாமே என்று.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாடிக்கு ஏறினேன். வாப்பா மெஷினில் உட்கார்ந்து ஸ்கூல் பைக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். "ஏங்க, நாம எட்டாவது மாடிலயா குடியிருக்கோம்?" என்றேன். மெஷின் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் விஷயம் அவருக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம். "அவன் எங்கிட்ட சொன்னான். சயான் ஸ்டேஷன் பக்கம் அந்த ரோஸ் கலர் பில்டிங்ல ஒரு மாசத்துக்கு வீடு பிடிக்கப் போறானாம். நிக்காஹ் முடியித வரைக்கும் நம்மள அங்க வந்து இருக்கச் சொல்லுதான்." நீங்க என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "லிப்ட் இருக்கான்னு கேட்டேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்று சோறு குழைந்து களியாகிவிட்டது. அதையே இரண்டு பேரும் தின்றோம். இவர் முட்டிவலிக்காரர், லிப்ட் பற்றித்தான் கேட்பார். உனக்கு எங்கே போனது புத்தி? பெற்றவர்களை வாடகை வீட்டில் கொண்டுபோய் உட்காரவைத்து, இதுதான் எங்கள் வீடு என்று காட்டப் பார்த்தாயே. நானும் உன் வாப்பாவும் என்ன, ஜவுளிக்கடை பொம்மைகளா? சரி, இப்போது ஆறிவிட்டது. ஆறிய பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

நீ ஏன் அப்படிச் செய்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ராசா. தாராவி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதை நான் உன்னைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். மாட்டுங்காவில் புடவைக் கடைப் பெண் அதுவரை ஆன்ட்டி ஆன்ட்டி என்று குழைந்துவிட்டு, டெலிவரிக்கு விலாசம் கேட்டதும், "அங்கே எங்கள் பையன் வரமாட்டான்" என்று புடவையை மடித்து வைத்திருக்கிறாள். ஆட்டோக்காரனிடம் நானும் பக்கத்தில் இருக்கிற சயானைத்தான் சொல்வேன். இந்தச் சந்தில், நம் கல்லியில், அப்படிச் சொல்லாதவர் யார்? ஆனால் அது ஆட்டோக்காரனுக்கு. அவன் சிக்னலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான். கட்டிக்கொள்ளப் போகிறவள் கடைசிவரை கூட வருகிறவள், அவளையும் சிக்னலில் இறக்கிவிடலாம் என்று நினைத்தாயா?

உன் வாப்பா என்னைப் பெண் கேட்டு வந்த கதையை உனக்குச் சொன்னதே இல்லை. என் வாப்பா கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு மாப்பிள்ளையை உட்காரவைத்து, "வீடு எப்படி, வசதியா?" என்று கேட்டார். பழைய சேலைத் திரைக்குப் பின்னால் நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கால நீட்டிப் படுக்கலாம் மாமா. கையையும் நீட்டணும்னா மெஷின மேல தூக்கி வைக்கணும். வைக்கதா இருக்கேன்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்த ஆளோடு இருக்கலாம் என்று அந்த நிமிஷம்தான் தோன்றியது. கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் மெஷின் மேலே போயிருந்தது. எத்தனையோ விஷயத்தில் எனக்கு எரிச்சல் மூட்டியிருக்கிறார், ஆனால் சொன்னது ஒன்று இருந்தது ஒன்று என்று அவர் எனக்கு வைத்ததில்லை. அந்த நிம்மதியைத்தான் சபீனாவுக்கும் கேட்கிறேன்.

இனி சபீனாவிடம் எப்படிச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். சபீனாவை நேரே வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கலாம். ஆனால் நம் கல்லி உனக்குத் தெரியாதா, புது ஆள் நுழைந்தால் எல்லா வாசலிலும் தலை தெரியும். அவள் முகம் லேசாகச் சுளித்தாலும் அத்தனை பேரும் பார்ப்பார்கள், அந்தப் பிள்ளை பாவம், சங்கடப்பட்டுக்கொள்ளக்கூட முடியாது. அதனால்தான் சயான் கோட்டை என்று முடிவு செய்தேன். உயரத்திலிருந்து காட்டிவிடுவோம், வருவதா வேண்டாமா என்று அவள் அங்கேயே யோசித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அந்தக் கோட்டை உனக்கு நினைவிருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் பம்பாய்த் தீவு அங்கேதான் முடிந்ததாம், எதிர்ப்பக்கம் போர்ச்சுக்கீசியர் இடம். யார் வருகிறார்கள் என்று பார்க்கக் குன்றின் உச்சியில் காவல் கோபுரம் கட்டினார்கள். இப்போது கூரை போய், கருஞ்சுவரில் மரம் முளைத்து நிற்கிறது. காவலுக்குக் குறைவில்லை, மூலைக்கு மூலை ஜோடிகள் உட்கார்ந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

மே மாதம் வந்தால் மழைக்கு முன்பு தாராவி முழுக்கத் தகரக் கூரை மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும். இங்கே கடையில் தாட்பத்ரி என்று கேட்டால்தான் தருவான், தருவது எப்போதும் நீலம். கட்டி முடித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வாப்பா நம்மைக் கோட்டைக்குக் கூட்டிப்போவார். கட்டினது சரியா, எங்கேயாவது தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று மேலிருந்து பார்த்தால்தான் தெரியுமாம். அவ்வளவு தூரத்திலிருந்து மடிப்பும் சுருக்கமும் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. மனுஷனுக்கு வெளியே போக ஒரு சாக்கு வேண்டும், இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு முன்பல் விழுந்திருந்த வருஷம். வாப்பா உன்னைக் கோபுரத்து ஜன்னலில் தூக்கி நிறுத்தி, "நம்ம வீடு எதுலே, காட்டு பாப்போம்" என்றார். நீ பார்த்தாய், பார்த்துக்கொண்டே இருந்தாய். உதடு பிதுங்கியது. "எல்லாம் நீலமா இருக்கு, நம்ம வீடு காணாமப் போச்சு" என்று ஓவென்று அழுதாய். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தோம், அதையும் அழுதுகொண்டே தின்றாய். வீட்டுக்கு வந்து கதவைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடங்கினாய். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போய், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் வாப்பா சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் எங்கெங்கோ அலைந்து, லாரிக்குப் போடுகிற தடித்த மஞ்சள் தார்ப்பாய் ஒன்றைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார்.

அந்த வருஷம் கோட்டையில் நீ போட்ட கூத்து! வழியில் வாக்கிங் போய்க்கொண்டிருந்த ஒரு மராட்டிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்கிள், வோ தேகோ, பீலாவாலா! ஹமாரா கர்!" என்று மஞ்சள் கூரையை நம் வீடாகக் காட்டினாய். அவரும் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "அரே வா, கித்னா படா கர்!" என்றார். எவ்வளவு பெரிய வீடு என்று சொல்லிவிட்டாரே, உனக்குத் தரை தெரியவில்லை. இறங்குகிற வழியெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாய். அந்த நெஞ்சு எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

காலேஜில் சேர்ந்த வருஷம், "வாப்பா, இந்தத் தடவை எல்லாரையும் போல நீலமே வாங்குங்க" என்றாய். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சரி என்றார், நீலம் வாங்கினார். மஞ்சளைக் கழுவிக் காயவைத்து மடித்துப் பரணில் போட்டார். அதன் பிறகு கோட்டைக்கும் போகவில்லை. உனக்கு வேலை வந்தது, அவருக்கு முட்டிவலி வந்தது.

அதனால்தான் போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு மேலே ஏறவே மூச்சு முட்டியது. சபீனா என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "தீரே தீரே மாமி, என்ன அவசரம்" என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனாள். நடுவில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். உச்சிக்குப் போனதும் முதலில் கிழக்கே திரும்பி, "அந்தச் சிம்னி தெரியுதா மாமி, அதுக்கு இந்தப் பக்கம்தான் எங்க செம்பூர்" என்று குழந்தை மாதிரி காட்டினாள். பிறகு ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள். "அந்த ரோஸ் பில்டிங்தானே மாமி உங்களுது? அவர் போட்டோல காட்டிருக்காரு."

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, "இல்ல மவளே" என்றேன். "அது எங்க வீடு இல்ல. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கீழ பாரு, தாராவில. தகரக் கூரை போட்டது. கீழ ஒரே ரூம், மேல மெஷின். நான் பொறந்தது தாராவிலதான், உன் மாப்பிள்ள பொறந்தது அந்த வீட்டுலதான். பெயிண்டும் இல்ல, எட்டாவது மாடியும் இல்ல." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் "அதுல எது மாமி?" என்று மட்டும் கேட்டாள்.

காட்டுவதற்குக் கையை நீட்டினேன். தெரியவில்லை, மவனே. நடுவில் எத்தனையோ பில்டிங் எழும்பி மறைத்தது போக ஒரு இடுக்கில்தான் நம் பக்கம் தெரிகிறது. அந்த இடுக்கு முழுக்க நீலம். "அந்தப் பள்ளிவாசல் மினாரா பக்கத்துல... இல்ல, அந்தத் தண்ணி டேங்குக்கு முன்னால..." என்று கை அங்கேயும் இங்கேயும் அலைகிறது. இத்தனை வருஷம் குடியிருக்கிற வீட்டை எனக்குக் காட்டத் தெரியவில்லை. காணாமப் போச்சு என்று நீ அழுதபோது சிரித்தேனே, இப்போது எனக்குப் பொலபொலவென்று வந்துவிட்டது. உண்மையைச் சொல்லக் கூட்டி வந்துவிட்டு, அதைக் காட்டத் தெரியாமல் நிற்கிறேன்.

சபீனா என் நீட்டிய கையைப் பிடித்துத் தாழ்த்தினாள். "அழாதீங்க மாமி. உங்க மேல எனக்கு குஸ்ஸா இல்ல, அவர் மேலதான்" என்றாள். குஸ்ஸா என்றபோது மூக்கு சிவந்துவிட்டது, பாவம், கோபப்படவும் அந்தப் பிள்ளைக்குச் சரியாக வரவில்லை. அப்புறம் சொன்னாள்: "நாங்க செம்பூருக்கு வந்தது பொறவுதான் மாமி. நான் பொறந்தது ஆண்டாப் ஹில்ல, இதே மாதிரி தகரக் கூரைலதான். ஒண்ணா வேல பாத்த விக்ரோலி ஆபீஸ்ல, பழக ஆரம்பிச்ச புதுசுலயே அத நான் அவர்ட்ட சொன்னேன். மழைக்கு எங்க உம்மா பாத்திரம் வச்சது, எல்லாம் சொன்னேன். அவர் நல்லா கேட்டாரு. கேட்டுட்டு, அந்த ரோஸ் பில்டிங் போட்டோவ எடுத்துக் காட்டினாரு."

இதை எழுதும்போதே எனக்கு உன் காதைத் திருக வேண்டும் போல இருக்கிறது. அவள் தன் வீட்டைத் திறந்து காட்டியிருக்கிறாள், நீ அவள் முகத்துக்கு எதிரே கதவைச் சாத்தியிருக்கிறாய். வீடு சின்னது என்று அவள் உன்னை மட்டமாக நினைப்பாள் என்று பயந்தாய். ஆனால் தகரக் கூரைக்காரி என்று நீதான் அவளை மட்டமாக நினைக்கிறாயோ என்று இப்போது அவள் யோசிக்கிறாள். இதை அவள் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. நீ அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அதை நான் சொல்லி என்ன, நீ அல்லவா சொல்ல வேண்டும்.

இறங்கும்போது அவளே சொன்னாள்: "நிக்காஹ்ல எங்கிட்ட சம்மதம் கேப்பாங்க மாமி. அதுக்கு முன்னாடி நான் அவர்ட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கெழம அவர இங்க கூட்டிட்டு வாரேன். உங்க வீடு எதுன்னு கேப்பேன். அவர் வாயால சொல்லணும், கையால காட்டணும். நீங்க முன்னாடியே சொல்லி வைங்க. எனக்கு அவர மாட்டிவிட வேண்டாம்." பார்த்துக்கொள். இவ்வளவு வலித்த பிறகும் உன்னைத் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று நினைக்கிறாள். இந்தப் பிள்ளையை நீ விட்டுவிட்டால் நான் உன்னோடு பேசவே மாட்டேன்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் எல்லாம் சொன்னேன். வீட்டைக் காட்டத் தெரியாமல் முழித்ததைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பினால் கூரை மேல் தடதடவென்று சத்தம். பூனை என்று நினைத்தேன். பார்த்தால் உன் வாப்பா! பரணிலிருந்த மஞ்சள் தார்ப்பாயை ராத்திரியே எடுத்து, கிழிந்த இடத்தையெல்லாம் பை தைக்கிற மெஷினிலேயே ஒட்டுப் போட்டுத் தைத்து, நீலத்தை உருவிவிட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே நின்று நான் திட்டாத திட்டு இல்லை. "முட்டியை வச்சிக்கிட்டு இந்த வயசுல கூரை ஏறணுமா, விழுந்தா யாரு பாப்பா?" என்றேன். வாயில் கயிற்றைக் கடித்துக்கொண்டே, "பையன் தேடுவாம்லா" என்றார்.

நேற்று நான் மட்டும் மறுபடியும் கோட்டைக்கு ஏறினேன். சபீனா இல்லாமல் ஏறினது பெரும் பாடாகிவிட்டது, அதை விடு. தெரிகிறது. சாயம் கொஞ்சம் போயிருக்கிறது, ஆனாலும் அத்தனை நீலத்துக்கு நடுவில் பளிச்சென்று இருக்கிறது. நீ எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்றும் பார்த்து வைத்துவிட்டேன். ஸ்டேஷனைப் பார்த்த சுவரில் மரம் முளைத்திருக்கிற ஜன்னல், அன்று வாப்பா உன்னைத் தூக்கி நிறுத்தினாரே, அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் ஆபீஸில் பேசுகிற மாதிரி காரணம் அடுக்காதே. தப்புப் பண்ணிட்டேன் என்று முதலில் சொல். அவள் அழுதால் பேசாமல் நில், திட்டினால் வாங்கிக்கொள், குறுக்கே பேசாதே. அவள் கேட்டதும் கையை நீட்டிக் காட்டு. பிறகு அவள் வருகிறேன் என்றால் அப்படியே வீட்டுக்குக் கூட்டி வா. தேங்காய்ச்சோறும் கறியும் ஆக்கி வைத்திருப்பேன். கல்லி வேடிக்கை பார்த்தால் பார்க்கட்டும், நான் வாசலில் நிற்பேன். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது, நீ அவளைச் செம்பூரில் பத்திரமாக விட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வா. அந்தச் சோறு உனக்கும் இருக்கும். உன் தலையை என் மடியில் வைத்துக்கொள்ள இந்த ஒரே ரூமில் இடம் இருக்கிறது.

வாப்பா அன்று அஸர் தொழுதுவிட்டுக் கூரை மேல் உட்காரப் போகிறாராம். நீங்கள் இரண்டு பேரும் பார்க்கும்போது கையை ஆட்டுவாராம். அவ்வளவு தூரத்துக்கு அவர் தெரியமாட்டார் என்றால் கேட்கிறாரா மனுஷன்? "நான் தெரியாட்டி என்ன, எனக்கு அவங்க இருக்கிற எடம் தெரியும்லா" என்கிறார். அவர் தெரியாவிட்டால் போகட்டும். மஞ்சள் தெரியும். காணாமப் போச்சு என்று மட்டும் சொல்லிவிடாதே, என் ராசா.